அரை நொடியில் அகப்பட்ட கள்ளச்சாவி

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி. சான் பிரான்சிஸ்கோவில் வசிக்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலர் அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டார். உலகெங்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களின் விடுமுறை அதோடு கலைந்தது. ஃப்ராய்ண்ட் கணினிப் பாதுகாப்பு நிபுணர் அல்லர். அதை அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார். போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தள மென்பொருளை உருவாக்குகிறவர்களில் ஒருவர், மைக்ரோசாப்ட்டில் வேலை. தம் சோதனைக் கணினியில் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவருக்கு அளவுகள் சீராக வரவில்லை. காரணத்தைத் தேடிப் போனார். தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழைவதற்குப் பயன்படும் எஸ்எஸ்எச் என்ற நிரல், தேவைக்கு மேல் கணினியின் உழைப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. 0.3 நொடியில் முடிய வேண்டிய நுழைவுக்கு 0.8 நொடி பிடித்தது.

அரை நொடிதானே என்று ஃப்ராய்ண்ட் விட்டுவிடவில்லை. தோண்டத் தோண்ட, தாமதத்தின் வேர் எஸ்எஸ்எச்சில் இல்லை, எக்ஸ்-இசட் என்ற வேறொரு சிறு மென்பொருளில் இருக்கிறது என்பது தெரிந்தது. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் கருவி அது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதன் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு புதிய பதிப்புகளில் ஒரு கள்ளச்சாவிக்கான பூட்டு பொருத்தப்பட்டிருந்தது. சாவியை வைத்திருப்பவர் மட்டும், அந்தப் பதிப்பு நிறுவப்பட்ட சர்வருக்குள் யாருடைய கடவுச்சொல்லும் இல்லாமல் நுழைந்து எந்தக் கட்டளையையும் இயக்கலாம். பாதுகாப்புக் குறைகளுக்குக் கடுமைக்கேற்ப மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. இதற்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து.

அந்தப் பூட்டைப் பொருத்தியவர் தன்னை 'ஜியா டான்' என்று அழைத்துக்கொண்டார். நிரலில் அவர் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் நேரக் குறிப்பு இருந்தது. பெரும்பாலானவை கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முந்திய கடிகாரத்தைக் காட்டின. அது மலேசியாவின் கடிகாரம், நம் கடிகாரம். ஜொகூர் பாருவில் உட்கார்ந்து அந்த விவரங்களைப் படித்தபோது எனக்கு நெஞ்சு திடுக்கென்றது. டான் என்ற பெயர் நம் தாமான்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் அதே எட்டு மணிக் கடிகாரம்தான் சீனாவிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் ஓடுகிறது. அதோடு, சில மாற்றங்களில் கடிகாரம் கிழக்கு ஐரோப்பிய நேரத்துக்கு வழுக்கிப் போயிருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் நேரம் வேண்டுமென்றே அணிந்த முகமூடியாக இருக்கலாம். பெயரும் பொய்யாக இருக்கலாம், ஊரும் பொய்யாக இருக்கலாம். உண்மை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த நிரல் மட்டுமே.

இந்தக் கதையை ஜொகூர் வாசகர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலமும் மின்சாரமும் கருதி 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்குச் சிங்கப்பூர் அனுமதி தராமல் நிறுத்திவைத்தது. அந்தத் தேவை பாலத்தைத் தாண்டி இங்கே வந்தது. கூலாய் வட்டாரத்தில், செடெனாக்கில், நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த மண்ணில், இன்று சன்னல் இல்லாத நீளக் கட்டடங்கள் நிற்கின்றன. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனமும் என்விடியாவும் செயற்கை நுண்ணறிவுக் கணினிக் கட்டமைப்பைக் கூலாயில் நிறுவப்போவதாக அறிவித்தன. இப்படிப்பட்ட கட்டடங்களில் இரவு பகலாக ஓடும் சர்வர்களில் பெரும்பான்மை லினக்ஸ். அவற்றை இயக்குகிறவர்கள் உள்ளே நுழையும் வாசல் எஸ்எஸ்எச். சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் அரை நொடியை அலட்சியப்படுத்தியிருந்தால், அடுத்த சில மாதங்களில் அந்தப் பதிப்பு உலகின் ஏராளமான சர்வர்களுக்குப் பரவியிருக்கக்கூடும். கூலாயின் சர்வர்கள் மட்டும் தப்பியிருக்கக் காரணமில்லை.

நான் தொழிலால் கணினிக்காரன் அல்லன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வார இறுதிகளிலும் லினக்ஸைக் குடைவது என் பொழுதுபோக்கு. எங்கள் தலைமுறையில் ஜொகூர் பாருவில் கணினி வாங்கியவர்கள் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கடைத்தொகுதிகளின் மாடிப்படி ஓரங்களில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் கள்ளக் குறுந்தட்டுகள் கிடைத்தன. இயங்குதளம், அலுவலக மென்பொருள், விளையாட்டு எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். வைரஸும் அதிலேயே இருக்கும். பூட்டை உடைக்க யாரோ எழுதிய நிரலை ஓட்டினால்தான் அந்த மென்பொருள் திறக்கும். அந்த நிரல் வேறு என்னென்ன செய்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளும் அதே கடையில் அதே விலைக்குக் கள்ளத் தட்டில்தான் கிடைத்தது.

பிறகு உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு வந்தது. 2005 முதல் 2011 வரை, முகவரி கொடுத்தால் லினக்ஸ் தட்டை அஞ்சல் செலவுகூட வாங்காமல் உலகம் முழுவதும் அனுப்பினார்கள். கனத்த உறையில் அச்சிட்ட அட்டையோடு வந்த அந்தத் தட்டைக் கையில் வாங்கியபோது இருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. முதல் முறையாகத் திருடாத ஒரு மென்பொருள் என் கணினியில் ஓடியது. அதைவிடப் பெரிது, அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்ற உரிமை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தபோது கேட்டது இந்த உரிமையைத்தான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் அந்த உரிமைக்கு உடல் கொடுத்தது.

ஆர்வத்தால் மென்பொருள் எழுதுவது தமிழர்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியபோது, கணினியில் தமிழ் வரவேண்டும் என்று எந்தப் பெரிய நிறுவனமும் கவலைப்படவில்லை. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எ-கலப்பையை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களும், லினக்ஸின் திரைகளைத் தமிழாக்கியவர்களும், 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் 'கணியம்' குழுவினரும் வேலை நேரத்துக்கு வெளியே உழைத்தவர்களே. நம் அரசாங்கமும் 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

உரிமை கிடைத்துவிட்டது என்பதும், அதைப் பயன்படுத்துகிறோம் என்பதும் ஒன்றல்ல. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ராஸ்பெரி பை. உள்ளங்கை அளவுள்ள அந்த மலிவுக் கணினியை இணையத்துக்கு நேரே திறந்துவைத்து, வெளியூர் போனாலும் வீட்டுக் கோப்புகளை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தேன். உள்ளே வர முயல்கிறவர்கள் எல்லோரையும் லினக்ஸ் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும். அன்று மாலையே அதைத் திறந்து பார்த்தேன். திரை நிற்காமல் ஓடியது. ரூட் என்ற பெயரில் ஒருவர், கடவுச்சொல் தவறு. அட்மின் என்ற பெயரில் ஒருவர், தவறு. டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், பை... முகவரிகள் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தன. என்னை யாருக்கும் தெரியாது. என்மேல் யாருக்கும் பகை இல்லை. இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் தானியங்கி நிரல்கள் அவை. கதவு இருந்தால் தட்டும், திறந்தால் நுழையும்.

அந்தப் பதிவேட்டைப் படிக்கும் பழக்கம் எனக்கு எந்தப் பாடநூலையும்விட அதிகம் கற்றுத் தந்தது. கடவுச்சொல்லால் நுழைவதை முழுக்க நிறுத்திவிட்டு, கணினியே உருவாக்கும் நீளமான சாவிக் கோப்பால் மட்டுமே நுழையும்படி மாற்றினேன். பலமுறை தவறாக முயலும் முகவரியைத் தானாகவே தடுக்கும் சிறு நிரலை நிறுவினேன். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் மூலநிரல் திறந்தே இருக்கிறது. தட்டுகிறவர்கள் இன்றும் தட்டுகிறார்கள். ஆனால் வழக்கமான தட்டல் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்; வழக்கமில்லாதது வந்தால் கண்ணில் படும். ஃப்ராய்ண்டுக்கு அரை நொடி கண்ணில் பட்டதும் இதனால்தான். எஸ்எஸ்எச் வழக்கத்துக்கு மாறாக நடப்பதை அவர் கவனித்தார்.

அடுத்து ரவுட்டர். அகலப்பட்டை இணையம் தரும் நிறுவனம் ஒன்று கொடுத்துவிட்டுப் போன பெட்டியில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஆலையில் வைத்தபடியே இருந்தன. மாற்றும்படி யாரும் சொல்லவில்லை. இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு 2016-ஐ நினைவூட்டுவேன். மிராய் என்ற தீநிரல், ஆலையிலிருந்து வரும் ஏறத்தாழ அறுபது பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவை ஒரே நேரத்தில் ஒரு நிறுவனத்தின் சர்வர்கள்மேல் மோதியதில் அமெரிக்காவின் பெரிய இணையச் சேவைகள் பல மணிக்கணக்கில் முடங்கின. மிராயை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வர்களை நடத்துவோருக்கு இடையே இருந்த தொழில் போட்டியிலிருந்து அது கிளம்பியது. ஒருவேளை ஸ்கூடாயில் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையின் மூலையில் இருந்த பெட்டியும் அந்தப் படையில் இருந்திருக்கலாம்; வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது.

ரவுட்டருக்கும் திறந்த மூலத்தில் மருந்து உண்டு. லின்க்ஸிஸ் நிறுவனத்தின் நீல நிற ரவுட்டர் ஒன்றுக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்து, உரிமத்தின்படி மூலநிரலைத் தரச் சொல்லிக் கேட்டார்கள். 2003-இல் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஓபன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது. உற்பத்தியாளர் கைவிட்ட ரவுட்டருக்குக்கூட இன்று அதன் மூலம் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. குப்பைக்குப் போக வேண்டிய பெட்டி இன்னும் சில ஆண்டுகள் பத்திரமாக ஓடும். ஒரு மாலைப் பொழுதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது சட்டத்தைத்தான். வலையமைப்பில் எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று காட்டும் என்மேப், 1997 முதல் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதே 1997-இல் நம் நாடு கணினிக் குற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைந்தால், சேதம் எதுவும் செய்யாவிட்டாலும், 50,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடைமுறையில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், பிறருக்காக ஊடுருவல் சோதனை செய்து கொடுப்பதையே உரிமம் பெற வேண்டிய தொழிலாக்கிவிட்டது. உங்கள் கணினி, உங்கள் ரவுட்டர், உங்கள் வலையமைப்பு: அதுதான் உங்கள் ஆய்வுக்கூடம். வேண்டுமானால் பழைய மடிக்கணினி இரண்டை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தாக்கிப் பழகுங்கள். கற்க வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

இப்போது ஒரு பழைய கதை. எல்லோரும் பார்க்க முடிகிற நிரல் தானாகவே பத்திரமாகிவிடும் என்ற நம்பிக்கையை உடைத்தது அது. 2006-இல் டெபியன் லினக்ஸ் தொகுப்பில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளைப் பராமரித்தவர், வால்கிரைண்ட் என்ற கருவியின் எச்சரிக்கைகளைப் பார்த்தார். நிரல் நினைவகத்தைச் சரியாகக் கையாள்கிறதா என்று சோதிக்கும் கருவி அது. எச்சரிக்கையை நிறுத்துவதற்காக அவர் நிரலில் சிறு மாற்றம் செய்தார். எச்சரிக்கை நின்றது. கூடவே, இரகசியச் சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையும் போனது. எண்ணவே முடியாத அளவில் இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ 32,000 என்று சுருங்கின. ஒரு சாதாரணக் கணினி உட்கார்ந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். மூலநிரல் உலகத்தின் முன் விரிந்து கிடந்தது. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்ததை டெபியன் அறிவிக்கும் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், யார் கண்ணிலும் அது படவில்லை.

இனி மறுபடியும் எக்ஸ்-இசட்டுக்கு வாருங்கள். அங்கேயும் வால்கிரைண்ட் இருக்கிறது. 5.6.0 வெளிவந்ததும் பல இடங்களில் அந்தக் கருவி எச்சரித்தது. கள்ள நிரல் எழுப்பிய சத்தம் அது. ஜியா டான் பழியை நிரல் தொகுப்பியின்மேல் போட்டுவிட்டு, எச்சரிக்கையை அடக்குவதற்காகவே 5.6.1-ஐ வெளியிட்டார். ஆனால் எஸ்எஸ்எச்சின் தாமதத்தைக் காண்பதற்குச் சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனைகளில் அந்த விநோதமான எச்சரிக்கையை ஃப்ராய்ண்ட் பார்த்திருந்தார். அப்போது அதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. நினைவில் மட்டும் தங்கியது. எஸ்எஸ்எச் தாமதித்த நாளில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். 2006-இல் அடக்கப்பட்ட எச்சரிக்கை உலகத்தின் சாவிகளை நீர்க்கச் செய்தது. 2024-இல் அடக்க முயன்ற எச்சரிக்கை ஒருவர் மனத்தில் தங்கியதால் உலகம் தப்பியது. நிரல் இரண்டு தடவையும் திறந்தேதான் இருந்தது.

உண்மையில் எக்ஸ்-இசட்டின் பொதுக் களஞ்சியத்தைப் படித்தவர்களால்கூட எளிதில் கண்டுபிடித்திருக்க முடியாது. கள்ள நிரலின் உடல், சோதனைக்காக வைக்கப்பட்ட கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை எழுப்பி இயக்கும் வரிகளோ, எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொட்டலத்தில் மட்டும் இருந்தன. சமையல் குறிப்பைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, பார்சல் கட்டும்போது மட்டும் வேறொன்றைக் கலப்பது போல. லினக்ஸ் தொகுப்புகள் எடுத்துக்கொண்டது பார்சலைத்தான். டெபியனின் சோதனைப் பதிப்பு, ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு, ஓபன்சூசே டம்பிள்வீட் எல்லாவற்றிலும் அது நுழைந்திருந்தது. பாதுகாப்புச் சோதனைக்கென்றே தொகுக்கப்படும் காலி லினக்ஸில்கூட மார்ச் 26 முதல் 29 வரை இருந்தது. நிலையான பதிப்புகளுக்குப் போய்ச் சேரும் முன் பிடிபட்டதுதான் நல்லகாலம்.

இந்த விவகாரத்தில் என்னை அதிகம் வருத்தியது தொழில்நுட்பம் அல்ல, ஒரு மனிதர் நடத்தப்பட்ட விதம். எக்ஸ்-இசட்டை ஆண்டுக்கணக்காகத் தனியாகப் பராமரித்து வந்தவர் லாசே காலின் என்ற ஃபின்லாந்துக்காரர். சம்பளம் கிடையாது. 2021-இல் ஜியா டான் வந்தார். சின்னச் சின்ன நல்ல திருத்தங்களாகச் செய்து கொடுத்தார். 2022-இல் ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்று முன்பின் தெரியாத பெயர்கள் முளைத்தன. வேலை மெதுவாக நடக்கிறது, ஆர்வம் போய்விட்டதென்றால் வேறு பராமரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள் என்று காலினைக் குத்திக்கொண்டே இருந்தன. தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் பொதுவிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் இரக்கம் கிடைக்கவில்லை. கடைசியில், உதவ வந்த நல்ல பிள்ளையிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். குத்திய பெயர்களும் அதே கும்பலின் முகமூடிகளே என்றுதான் ஆராய்ந்தவர்கள் பலரும் கருதுகிறார்கள். உடைக்கப்பட்டது முதலில் ஒரு மனிதரின் மனம், நிரல் பிறகுதான்.

இதற்குப் பத்தாண்டுக்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்டது. சர்வரின் நினைவகத்தில் இருப்பதை வெளியில் இருப்பவர் துண்டு துண்டாக உறிஞ்ச முடிந்தது; இரண்டாண்டுகளாக அந்த ஓட்டை மென்பொருளில் இருந்திருக்கிறது. உலக வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அதுவரை ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 அமெரிக்க டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். கோடிகளில் முதலீடு குவிகிற தரவு மையங்களின் அடித்தளத்தில் இப்படிப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன என்பதை முதலீட்டு விழாக்களில் யாராவது சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கூலாயில் கட்டடம் எழுப்புகிறவர்கள் குளிரூட்டும் தண்ணீருக்குக் கணக்குப் போடுகிறார்கள். தங்கள் சர்வர்களில் ஓடும் இலவச மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

என் அனுபவத்தில், கட்டற்ற மென்பொருளைக் கற்றதன் பெரும்பயன் சர்வர்களுக்குப் போகவில்லை, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனது. தாமானில் கணினி தெரிந்த பையன் என்று பெயர் வாங்கிவிட்டால் வாசலில் ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். ஒருநாள் இரவு பக்கத்துத் தெரு அக்கா ஃபோனோடு ஓடி வந்தார். "தம்பி, கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. யாரு வீட்டுக் கல்யாணமோன்னு அமுக்கிட்டேன். என்னமோ இறங்குது."

வந்தது பத்திரிகை அல்ல, ஆண்ட்ராய்டு செயலி. நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் எண் நமக்கு முன்பே திருடனுக்குப் போகும். அக்கா இன்னும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. செயலி எதை எதைக் கேட்கிறது என்று அவருக்கே படித்துக் காட்டினேன். "கல்யாணப் பத்திரிகைக்கு என் மெசேஜ் எதுக்கு?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் பாதுகாப்பு. எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளைப் பற்றி 2022-இல் ஈசெட் நிறுவனம் விரிவாக எழுதியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா, வங்கிகள் குறுஞ்செய்தி டேக் எண்ணைக் கைவிட்டு வேறு முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணும் அடுத்த மாதமே வந்தது. அன்று அக்காவோடு அவர் வீட்டுக்குப் போய், அந்த எண்ணை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் திரும்பினேன்.

இந்தத் துறையில் நம்மவர்கள் உலக அளவில் பேர் வாங்க முடியாது என்று எண்ணுகிற பிள்ளைகளுக்கு மலேசியரான டிலன் கண்ணபிரானைக் காட்டுவேன். அவர் நிறுவிய 'ஹேக் இன் த பாக்ஸ்' 2003 டிசம்பரில் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியது. பின்னர் துபாய், ஆம்ஸ்டர்டாம், சிங்கப்பூர் என்று போய், உலகின் முன்னணிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வந்து பேசும் மேடையாக வளர்ந்தது. அதற்குத் தொடக்கமும் ஆர்வம்தான்.

சென்ற ஆண்டு, தரவு மையம் ஒன்றில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன் ஒருவன் தேடி வந்தான். பழுதான வட்டுகளை மாற்றுவதும் கம்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவதும் அவன் வேலை. "அண்ணே, தினமும் அந்த மெஷினுங்களத்தான் தொடறேன். உள்ள என்ன ஓடுதுன்னு மட்டும் தெரியல. எங்க ஆரம்பிக்கிறது?" என்றான்.

பழைய மடிக்கணினியில் டெபியனை நிறுவச் சொன்னேன். தினமும் பத்து நிமிடம் பதிவேட்டைப் படிக்கச் சொன்னேன். கை பழகியதும் ஒரு வேலை கொடுத்தேன். உனக்குப் பிடித்த சின்னக் கட்டற்ற மென்பொருள் ஒன்றை எடு. அதன் பொதுக் களஞ்சியத்தை ஒரு பக்கமும், வெளியீட்டுப் பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு பக்கமும் வை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று 'டிஃப்' கட்டளையால் ஒப்பிடு. வித்தியாசம் கட்டாயம் இருக்கும். பெரும்பாலானவை கருவிகள் தாமே உருவாக்கும் கோப்புகள். அந்தக் கூட்டத்தில்தான் ஜியா டானும் ஒளிந்தார். ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று உனக்கு நீயே விளக்கம் சொல்ல முடிகிறதா பார்.

சில வாரம் கழித்து ஒரு பட்டியலோடு வந்தான். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தான். அந்த ஒன்றைப் பற்றி மென்பொருளின் பராமரிப்பாளருக்கே எழுதலாம் என்றேன். இருவரும் உட்கார்ந்து கடிதத்தை எழுதினோம். முதல் வரியில் மென்பொருளுக்கு நன்றி. அடுத்த வரியில் கேள்வி. அவசரமில்லை, முடிந்தபோது பதில் போதும் என்று கடைசி வரி. அந்தக் கடைசி வரியை வைத்தே ஆக வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். நான்காம் நாள் பதில் வந்தது. பொட்டலம் கட்டும்போது பராமரிப்பாளரின் சொந்தக் கணினியிலிருந்து தவறுதலாக ஒட்டிக்கொண்ட கோப்பு அது; ஆபத்தில்லாதது. அடுத்த பதிப்பில் நீக்கிவிடுவதாகவும், இத்தனை ஆண்டுகளில் இதைக் கவனித்துக் கேட்ட முதல் ஆள் நீதான் என்றும் எழுதியிருந்தார். அடுத்த பதிப்பில் அந்தக் கோப்பு இல்லை. மாற்றங்களின் பட்டியலில் ஒரு வரியில் பையனின் பெயர் இருக்கிறது.